துரையின் பின்னங்கால்கள்

பங்கஜத்துக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கல்யாணமாகி ரங்கநாதன் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அவள் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் அதிகம் பார்த்ததில்லை. கீழே கடை, மேலே வீடு. ரவிக்கைத் துணியும் லைனிங் துணியும் விற்கிற கடை. அவள் கணவர் கனகராஜ் கல்லாவில் உட்கார்ந்தால் கடை அடைக்கும்வரை அசைய மாட்டார். பங்கஜமோ மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருப்பாள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே கீழே வந்து, வாடிக்கைக்காரி ஒருத்தியின் புடவைக்குப் பொருந்துகிற பச்சையைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, குழம்பு வற்றுவதற்குள் மேலே போய்விடுவாள். கோயம்புத்தூரில் படிக்கிற மகன் லீவுக்கு வரும்போதெல்லாம், "அம்மா காலுக்கு ஒரு பிரேக்கு வாங்கிப் போடுங்கப்பா" என்பான்.

அவள் காலடியிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது துரை. நீள உடம்பும் குட்டைக் காலுமாக ஒரு செம்பட்டை நாய். வடபழனி ஸ்டூடியோ ஒன்றில் தையல் வேலை செய்பவர் லைனிங் துணி வாங்க வருவார். தன் வீட்டு நாய் குட்டி போட்டதென்று ஒன்றைச் சட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கல்லா மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அது மூக்கைத் தூக்கிக்கொண்டு கடையை ஒரு பார்வை பார்த்த தோரணைக்குத் துரை என்று பேர் வைத்தவர் கனகராஜ்தான்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம், ஆடித் தள்ளுபடிக்கு முந்தின வாரம், தபால்காரர் குரல் கேட்டுத் துரை கட்டிலிலிருந்து குதித்தது. ஒரு வீறல். பங்கஜம் அடுக்களையிலிருந்து ஓடி வந்து பார்த்தபோது முன்னங்கால் இரண்டையும் ஊன்றி நகரப் பார்த்துக்கொண்டிருந்தது. இடுப்புக்குக் கீழே உடம்பு, ஈரத் துணியை இழுத்ததுபோல் தரையில் புரண்டு வந்தது. அதற்கே அது புரியாமல், திரும்பித் திரும்பித் தன் பின்னங்கால்களைப் பார்த்தது.

நுங்கம்பாக்கம் பக்கம் இருந்த மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கிருந்த டாக்டர் முதுகைத் தடவிப் பார்த்து, முதுகெலும்பில் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, இந்த ஜாதிக்கு வருகிற கோளாறுதான் என்றார். ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். "பாருங்க. தேறலைன்னா அதைக் கஷ்டப்படுத்தாம தூங்க வச்சிடறதுதான் நல்லது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். பங்கஜம் துரையை வாரி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மாத்திரை தீர்ந்தது, கால் எழவில்லை. கனகராஜ் மத்தியானச் சாப்பாட்டுக்கு மாடிக்கு வருவதை நிறுத்திவிட்டார். டிபன் கேரியரைக் கடைக்கே அனுப்பச் சொன்னார்.

"ஏன், மேல வந்து சாப்பிட்டா என்ன?"

"அது என்னப் பாத்து வாலாட்டப் பாக்குதுட்டி. வாலு அசைய மாட்டேங்கு. அதுக்கு முன்னால உக்காந்து எப்படிச் சோறு எறங்கும்?"

பங்கஜம் படியேறினாள். பாதிப் படியில் நின்று மறுபடி இறங்கினாள். எதற்கு இறங்கினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மயிலாப்பூரில் பாட்டு வாத்தியாராக இருந்த காமாக்ஷி என்ற வாடிக்கைக்காரிதான் டாக்டர் கல்யாணராமனைப் பற்றிச் சொன்னாள். "கச்சேரி ரோட்டுல இருக்கார். மாட்டு டாக்டர்தான், ஆனா கல்கத்தாவுக்குப் போய் அந்தச் சீன ஊசி வைத்தியம் கத்துண்டு வந்திருக்கார். மனுஷாளுக்குப் பண்றதை நாய்க்குப் பண்றார்னு எல்லாரும் சிரிக்கறா. எங்காத்து எதிர்ல ஒரு நாய் நொண்டிண்டே இருந்தது, இப்போ தெருவெல்லாம் ஓடறது. போய்த்தான் பாருங்கோளேன்."

அன்று மத்தியானமே பங்கஜம் துரையை ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுக்கொண்டு, மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஆட்டோவோடு நிற்கிற ஜவஹரைக் கூப்பிட்டாள். கடைக்குத் துணிக்கட்டு ஏற்றி வருகிறவன் அவன்தான். கணவரிடம் சொல்லவில்லை.

கல்யாணராமன் நாற்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். வீட்டு முன்னறையில் ஒரு மேஜை, சுவரில் முதுகெலும்பெல்லாம் தெரிய வரைந்த நாய்ப் படம் ஒன்று, அதன்மேல் சிவப்பு மையில் புள்ளிகள். துரையின் பின்னங்கால் விரல் ஒன்றை இடுக்கியால் அழுத்தினார். துரை பேசாமல் கிடந்தது. இன்னும் அழுத்தினார். அது மெல்லத் தலையைத் திருப்பி அவர் கையைப் பார்த்தது.

"பாத்தேளா? வலி கொஞ்சம் போய்ச் சேர்றது. முழுக்க அறுந்து போகலை."

"அப்ப நடந்துருவானா?"

"அதை நான் சொல்ல மாட்டேன். நான் சொல்லி, அவன் நடக்கலைன்னா, நீங்க என்னையும் நம்ப மாட்டேள், அவனையும் வெறுத்துடுவேள்."

தலைமுடி மாதிரி மெல்லிய ஊசிகள். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும், இடுப்பிலும், முழங்காலுக்குக் கீழேயும் ஒவ்வொன்றாகச் சொருகினார். துரை முதலில் ஒருதரம் உறுமியது, அப்புறம் கண்ணைச் சுருக்கியது. பிறகு காய்ந்த இலையைக் காகிதத்தில் சுருட்டிப் பற்றவைத்து, ஊசிகளின் மேல் சூடு படுகிற தூரத்தில் பிடித்தார். கோயில் வாசல் பூக்காரியிடம் வாங்கிய மாசிப்பச்சைதான், காயவைத்து நுணுக்கியது என்றார். பூஜை அறையும் ஆஸ்பத்திரியும் கலந்த மாதிரி ஒரு வாசனை அறையில் நிறைந்தது.

"தலையைப் பிடிச்சுண்டு அசையாம இருங்கோ. நீங்க அசைஞ்சா அவன் அசைவான்."

பங்கஜத்தால் முடிந்த காரியமா அது? முதலில் கட்டைவிரல் ஆடியது. அப்புறம் முட்டி. அடுப்பை அணைத்தோமா, மாடிக் கதவு பூட்டினோமா, கடையில் தேடுவாரோ என்று மனசு ரங்கநாதன் தெருவுக்கும் கச்சேரி ரோட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் உடம்பு பதறப் பதறத் துரையும் சிலிர்த்தது. இடுப்பிலிருந்து ஓர் ஊசி கழன்று மேஜையில் விழுந்தது.

"ஆத்துல வேற யாராவது பிடிச்சுக்க மாட்டாளா?" என்றார் டாக்டர்.

"நானே பிடிக்கேன்" என்றாள் பங்கஜம். ரோஷமாக வந்தது.

ஊசி போடுவது சின்ன வேலை என்று வீட்டுக்குப் போனபிறகுதான் தெரிந்தது. துரையைக் குதிக்கவிடாமல் ஒரு மரப்பெட்டிக்குள் வைக்கச் சொல்லியிருந்தார். அடிவயிற்றை இரண்டு கையாலும் மெல்ல அழுத்தி மூத்திரத்தை அவளே வெளியேற்ற வேண்டும். அதற்குத் தானாகப் போக முடியாது, தேங்கினால் விஷமாகிவிடும். பின்னங்கால்களை மடக்கி நீட்டி, நல்லெண்ணெய் தடவி நீவிவிட வேண்டும். கடையில் வருவோர் போவோர் போட்ட முறுக்கும் பிஸ்கட்டும் நின்றுபோய், கொத்துக்கறிச் சாறும் வேகவைத்த பூசணியும். "எடை குறையணும். முதுகுமேல பாரம் ஏறக் கூடாது" என்றிருந்தார் டாக்டர்.

இதையெல்லாம் கனகராஜிடம் எத்தனை நாள் மறைக்க முடியும்? தெரிந்ததும் அவர் கத்தவில்லை. ஒருநாள் படியில் நின்றபடியே, பங்கஜம் பழைய துணியை விரித்து நாயின் வயிற்றை அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"ஏட்டி, யாருக்காக இதச் செய்யுத? அவனுக்கா, ஒனக்கா?"

"அவனுக்குத்தான்."

"அவன் கேட்டானா? பெட்டிக்குள்ள கெடக்கான். மூத்திரம் கூட நீ பிதுக்கணும். உடம்பெல்லாம் ஊசி. அவனுக்கு வாயிருந்தா என்ன சொல்லுவான்னு நெனச்சுப் பாத்தியா?"

"நீங்க பக்கத்துல வந்தாத்தான தெரியும், அவன் என்ன சொல்லுதான்னு!"

கனகராஜ் இறங்கிப் போய்விட்டார். அவர் கேட்டது மட்டும் பங்கஜத்தோடு தங்கிவிட்டது. காய் நறுக்கும்போது, துணி கிழிக்கும்போது, ஆட்டோவில் போகும்போது எல்லாம் அது கூடவே வந்தது. துரை நிஜமாகவே போதும் என்கிறதோ? அது பெட்டிக்குள்ளிருந்து பார்க்கிற பார்வையில் கெஞ்சல் இருந்தது. எதற்குக் கெஞ்சுகிறதென்றுதான் விளங்கவில்லை.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியானம். பங்கஜம் பாண்டிபஜாரில் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்து மாடி ஏறினாள். பெட்டி காலியாக இருந்தது. விரிப்பில் துரை படுத்த பள்ளம் அப்படியே இருந்தது.

கீழே ஓடினாள். கல்லாவில் கனகராஜ் இல்லை. கடைப்பெண் இசக்கியம்மாள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணாச்சி தூக்கிட்டுப் போனாவ அக்கா. மாட்டாஸ்பத்திரிக்குன்னாவ."

அன்று சாயங்காலம் மயிலாப்பூரில் ஊசி போடுகிற நாள். அதற்குமுன் முடித்துவிடலாம் என்று போய்விட்டாரா? பங்கஜம் செருப்புக்கூடப் போடாமல் ஸ்டேஷன் பக்கம் ஓடினாள்.

"இன்னாமா, நாய் இல்லாம வர்றே?" என்றான் ஜவஹர்.

"மாட்டாஸ்பத்திரி. சீக்கிரம் போப்பா, சீக்கிரம்!"

ஆட்டோ உஸ்மான் ரோட்டில் பஸ்களுக்கு நடுவே நெளிந்து போனது. ஒவ்வொரு சிக்னலிலும் பங்கஜம் இறங்கி ஓடப் பார்த்தாள். "உக்காருமா. நீ எறங்கி ஓடினா வண்டியவிட வெரசா பூடுவியா?" என்று ஜவஹர் அதட்ட வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். வாசலில் ஒரு எருமையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள் சொன்னான்: "நீட்டு நாய்தானே? வந்துச்சுமா. உள்ள மேசை மேல வச்சாங்க. அப்பால அந்த ஐயா துண்டுல சுத்தித் தூக்கிக்கினு பூட்டாரு."

"ஊசி போட்டாங்களா?"

"தெரியாதுமா. நான் இந்தச் சனியனைப் புடிச்சுகினு வெளியே நின்னேன்."

"உசுரோட இருந்துச்சா? சுத்தியிருந்தப்ப அசைஞ்சுச்சா?"

அவன் எருமையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "பாக்கலைமா."

துண்டில் சுற்றி. பங்கஜம் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துண்டில் சுற்றித் தூக்கிப்போனால் புதைக்கத்தான். எங்கே புதைப்பார்? ஈக்காட்டுத்தாங்கலில் லேத்து பட்டறை வைத்திருக்கிற ஊர்க்காரர் சண்முகவேலிடம்தான் பின்னால் கொஞ்சம் வெற்றுமண் இருக்கிறது.

அவள் அங்கே போகச் சொல்ல, ஜவஹர் வண்டியைத் திருப்பினான். சைதாப்பேட்டைப் பாலத்தில் வெயில் கண்ணில் அடித்தது. பட்டறைச் சத்தத்தில் சண்முகவேலுக்கு அவள் சொன்னது காதில் விழவில்லை, மெஷினை நிறுத்திவிட்டு வந்து, "கனகராஜா? இங்க வரலையேம்மா. என்ன விஷயம், எதுக்கு அழுவுத?" என்றார். அதுவரை தான் அழுதுகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

"எங்கமா இனிமே?" என்றான் ஜவஹர்.

அவளுக்கு எந்த இடமும் தோன்றவில்லை. மயிலாப்பூர் டாக்டர் இலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பார் என்பது மட்டும் தோன்றியது. அவரிடமாவது சொல்லிவிட வேண்டும். வரமாட்டோம், எல்லாம் முடிந்துவிட்டது என்று.

"கச்சேரி ரோட்டுக்குப் போப்பா" என்றாள்.

போகும் வழியெல்லாம் கணவரிடம் என்ன கேட்பதென்று கோத்துக்கொண்டே வந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்டியளா? கடைசியா ஒருதரம் பாக்க விட்டியளா? அடையாறு தாண்டி மந்தைவெளி வருவதற்குள் அது முப்பது கேள்வியாக வளர்ந்திருந்தது. ஆட்டோ நிற்பதற்குமுன் இறங்கிவிட்டாள்.

டாக்டர் வீட்டு வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. வலது குதிகால் தேய்ந்த தோல் செருப்பு.

பங்கஜம் உள்ளே பாய்ந்தாள்.

மேஜையில் துரை படுத்திருந்தது. முதுகெல்லாம் ஊசி. கனகராஜ் அதன் தலையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, கல்லாவில் உட்கார்ந்திருப்பதுபோலவே ஆடாமல் உட்கார்ந்திருந்தார். துரையின் விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்க போனிய? எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா? என்ட்ட ஒரு வார்த்த..."

"மெதுவா" என்றார் கனகராஜ், உதடு மட்டும் அசைய. "மேஜைய ஆட்டிராத. ஊசி இருக்கு."

பங்கஜம் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

கனகராஜ் நாயைப் பார்த்தபடியே பேசினார்.

"முடிச்சிரலாம்னுதான் போனேன். நீயும் படுத, அவனும் படுதான்னு. அந்த டாக்டர் ஊசிக்குள்ள மருந்த ஏத்திட்டாரு. பொறவு சீட்டுல எழுத, பேரு என்னன்னு கேட்டாரு. என் பேரக் கேக்காருன்னு கனகராஜ்னேன். நாய் பேரு கேட்டேன்னாரு. துரைன்னேன். நான் சொன்னதுதான் தாமசம், இவன் தலையத் தூக்கி என்னப் பாத்தான். நான் கூப்பிட்டேன்னு நெனச்சுக்கிட்டான் போல."

நாயின் தலையைப் பிடித்தபடியே இருந்தார். கண்ணைத் துடைக்கக் கையை எடுக்கவும் இல்லை. கன்னத்தில் வழிந்தது சட்டைக் காலரில் இறங்கியது.

"உங்காத்துக்காரர் வந்து, ஒண்ணு தேறுவான்னு சொல்லுங்க, இல்லே தேற மாட்டான்னு சொல்லுங்கன்னு சண்டை போட்டார்" என்றார் கல்யாணராமன். "ரெண்டும் தெரியாதுன்னேன். அப்போ ஊசியைப் போடுங்கன்னு உக்காந்துட்டார். இப்படி அசையாம நாயைப் பிடிக்கிறவரை நான் பாத்ததில்லை."

அதன்பிறகு ஊசி நாட்களில் கனகராஜ்தான் துரையைக் கொண்டுபோனார். கல்லாவில் பங்கஜம் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது பேச்சுக்கு. வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஆட்டோச் சத்தம் கேட்கும்போதெல்லாம் துணியை அளந்த கோலோடு தெருவில் வந்து நின்றாள். அவர் திரும்பி வந்து "ஒண்ணுமில்ல, அப்படியேதான் இருக்கான்" என்று சொல்வார். சில நாள், "வாலு நுனி அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. பிரமையோ என்னவோ" என்பார். அது இன்னும் மோசம். அந்தப் பிரமையைத் தானும் பார்க்க வேண்டுமென்று பங்கஜம் ஒரு பொழுதில் பத்துத்தரம் படியேறிப் பெட்டிக்கு முன்னால் குந்தினாள்.

புரட்டாசியில் ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளும் கூடப் போனாள். ஊசியெல்லாம் ஏற்றியாயிற்று. மேஜை குளிர்கிறதென்று அன்று தரையில் பாயை விரித்துத் துரையைப் படுக்க வைத்திருந்தார்கள். கனகராஜ் தலைமாட்டில். அப்போது மந்தைவெளியிலிருந்து ஒரு அம்மாள் கோழி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "இதுக்குக் கழுத்துத் திரும்பலை டாக்டர்" என்று சொல்லி முடிப்பதற்குள் கோழி அவள் கையிலிருந்து நழுவிப் படபடவென்று பாயின் குறுக்கே ஓடியது.

துரை எழுந்தது.

கனகராஜின் கை அதன் தலை இருந்த வெறும் இடத்தைப் பிடித்தபடியே நின்றது. முதுகில் ஊசிகள் ஆட, பின்னங்கால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, குடித்தவன் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்து, சாய்ந்த பக்கத்திலேயே இன்னும் ஓர் அடி வைத்து, கோழியை நோக்கிக் குரைத்துக்கொண்டு போயிற்று. சுவரை அடைவதற்குள் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்தே குரைத்தது.

"ஐயோ ஊசி, ஊசி!" என்று டாக்டர் பாய்ந்தார். கோழிக்காரி கத்தினாள். பங்கஜம் மட்டும் வாயில் கையை வைத்துக்கொண்டு, நின்ற இடத்தில் நின்றாள்.

மழைக்காலத்துக்குள் துரை நடந்தது. கோணலான நடை. இடது பின்னங்காலைக் கொஞ்சம் இழுக்கும். திரும்பும்போது இடுப்பு வேறு திசையில் போகும். மூத்திரம் தானாகப் போனது. படி ஏற மட்டும் முடியவில்லை. காலையில் கனகராஜ் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்கு இறங்குவார், ராத்திரி அப்படியே ஏறுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் இருவரும் சேர்ந்தே மாடிக்கு வந்தார்கள்.

கடைசியாகக் காட்டப் போனபோது பங்கஜம் கேட்டாள்: "ஊசிதான் டாக்டர் நடக்க வச்சுச்சு?"

"இருக்கலாம். பெட்டிக்குள்ள ஓய்வா இருந்ததாலயும் இருக்கலாம். நீங்க நீவிவிட்டது, எடை குறைஞ்சது, முதல்ல குடுத்த மாத்திரை. சிலது தானாவே தேறிண்டுடும். எதுன்னு கேட்டா எனக்குத் தெரியலை. போன மாசம் இதே மாதிரி ஒரு நாய்க்கு இதே ஊசிதான் போட்டேன். அது நடக்கலை."

பங்கஜத்துக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இவ்வளவு பட்டும் எதனால் என்று தெரியாமல் வீட்டுக்குப் போக வேண்டுமா?

கல்யாணராமன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அடுத்த மாசம் அடையாறில் மிருக டாக்டர்கள் கூடுகிறார்கள். துரையைக் கூட்டிவந்து நடக்கவைத்துக் காட்ட முடியுமா?

கனகராஜ் உடனே தலையாட்டினார். "கூட்டியாரோம் டாக்டர், கட்டாயம்..."

"வேண்டாம்" என்றாள் பங்கஜம். "அத்தன பேரு முன்னால வழவழன்னு தரையில நடக்கச் சொல்லி, வழுக்கி முதுகு பிடிச்சுட்டா? அவன் நடந்தா எனக்குப் போதும். நடந்து காட்ட வேண்டாம்."

டாக்டர் முகம் வாடியது. ஊசிப் பெட்டியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அவரும் எத்தனையோ நாளாக யாரிடமாவது காட்டத் தவித்துக்கொண்டிருந்தார் என்பது பங்கஜத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பாவமாக இருந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

"அவங்களை எங்க பக்கம் வரச் சொல்லுங்க" என்றாள். "கடைக்கு வரட்டும். அவன் பாட்டுக்கு நடமாடுவான், பாத்துட்டுப் போகட்டும்."

யாரும் வரவில்லை. கல்யாணராமன் மட்டும் தை மாசத்தில் ஒருநாள், மனைவிக்கு ரவிக்கைத் துணி வேண்டுமென்று வந்தார். துணியைப் பார்க்கவே இல்லை. கல்லாவுக்கு அருகே நின்று, வாடிக்கைக்காரிகளின் காலுக்கிடையில் துரை கோணிக் கோணிப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பின்னால் பங்கஜம், இடறி விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் தாழ்த்தி வைத்துக்கொண்டு, கடை முழுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.